அரை இஞ்சி

வியாழக்கிழமை காலை கடையைத் திறந்து அரை மணி நேரம்கூட ஆகவில்லை. ராணி வந்து சாமான் துண்டை என் மேசையில் வைத்தாள். என் கூட்டாளி சீலனின் மனைவிக்குத் தங்கை அவள். துண்டை வாசித்தபடியே ஒவ்வொன்றாக எடுத்து வைத்தேன். கோப்பித்தூள் ஆறு பைக்கற், சீனி பத்துக் கிலோ, பால்மா, பிஸ்கற், மெழுகுதிரி, கடைசியாக இஞ்சி. பெரிய துண்டைக் கண்டால் வியாபாரிக்கு முகம் மலரும். பொய் சொல்லவில்லை, எனக்கும் மலர்ந்தது. வீட்டில் என்ன விசேஷம் என்று சிரித்துக்கொண்டுதான் கேட்டேன். அவள் நிமிரவில்லை.

"சீலன் அத்தான் விடிய மோசம் போயிட்டார், அண்ணை."

ஒரேத்தோத் தெருவில் வேலைக்குப் போக பஸ்ஸுக்குக் காத்து நின்றவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு குந்தினாராம். பிறகு எழும்பவில்லை. ஐம்பது வயது ஆகவில்லை. எல்லாம் செத்தவீட்டுக்கு வாங்குகிற சாமான்; செய்தி அந்தத் துண்டிலேயே எழுதியிருந்தது. நான்தான் அதைச் சாமானாக வாசித்தேன்.

பலெர்மோவில் இருக்கும் உங்களில் பலருக்குச் சீலனைக் கோயில் ஒலிபெருக்கியைத் திருத்துகிறவராகத் தெரியும். பழுதான மிக்சியையும் தையல் மெசினையும் கொண்டுபோய்க் கொடுத்திருப்பீர்கள். யாழ்ப்பாணத்தில் பதினைந்து வருடம் மொறிஸ் மைனர் கார்களோடு கிடந்த மெக்கானிக் அவர் என்பதும், இந்த ஊரில் தன் கையால் ஒரு பந்தயக் காரைக் கட்டினார் என்பதும் அவ்வளவு பேருக்குத் தெரியாது. அவர் சொல்லிக்கொள்ளாததற்கு ஒரு காரணம் இருந்தது. அந்தக் காரணத்தில் பாதி நான்.

நாங்கள் இருவரும் ஒரே வருடம் வந்தவர்கள். அல்பெர்கேரியாப் பகுதியில் ஒரே அறையில் கிடந்தோம். நான் சூட்கேசில் மிளகாய்த்தூளை வைத்து வீடு வீடாக விற்கத் தொடங்கிய அன்றே அவர் எனக்கு "முதலாளி" என்று பட்டம் வைத்தார். பிறகு நான் உண்மையிலேயே கடை வைத்தது பகிடியைக் கெடுத்துவிட்டது என்று குறைப்பட்டுக்கொண்டார். அவருக்குக் கால்சாவில், கடலுக்குக் கிட்ட, ஒரு பழைய மாளிகையில் வேலை கிடைத்தது. வீட்டுக்கார அம்மா விதவையான ஒரு சின்யோரா. சமையல், தரை துடைத்தல், நாயை நடக்கக் கூட்டிப்போதல். எட்டு வருடம் அவருடைய நகத்துக்குள் கிரீஸ் போகவில்லை. சவர்க்கார நுரையில் வெளுத்த விரல்களை விரித்து, "பாரும், டாக்குத்தற்றை கை மாதிரி" என்பார். அவர் சிரிப்பார். எனக்குச் சிரிப்பு வராது.

அந்த மாளிகையின் கீழ்த்தளத்தில், முன்னொரு காலத்தில் குதிரை வண்டி நின்ற கொட்டிலில், ஒரு அமெரிக்கக் கார் படங்குச் சீலைக்குள் கிடந்தது. இரண்டு கதவும் எட்டுச் சிலிண்டரும் கப்பல் மாதிரி நீண்ட மூக்குமாக ஒரு பழைய மஸ்டாங். சின்யோராவின் கணவர் இளமையில் இதே மாதிரிக் காரைப் பந்தயத்துக்கு மாற்றி, பெல்லெகிரீனோ மலைச் சாலையில் ஓட்டியவர். அந்தக் கார் எப்போதோ நொறுங்கிப்போனது. இது அவர் உதிரிப் பாகத்துக்காக வாங்கி வைத்த அதன் சோடி. தொண்ணூற்றாறாம் ஆண்டு, அந்தக் காலத்து ஓட்டுநர்களின் நினைவாக அந்த மலையில் பழைய பந்தயக் கார்களை ஓடவிடப்போவதாகக் கணவரின் நண்பர்கள் வந்து சொன்னார்கள். கொட்டிலில் கிடந்ததை அவருடைய காரைப் போலவே மாற்றி ஓடவிட வேண்டும் என்று சின்யோராவுக்கு ஆசை வந்துவிட்டது.

இரண்டு மெக்கானிக்குகள் வந்து பார்த்தார்கள். இரண்டாமவர் நட்டில் ஸ்பானர் சாவியைப் போட்டு இழுக்க, சாவி வழுக்கி அவருடைய கை கிழிந்தது. இந்தக் காருக்குக் கண்ணூறு பட்டிருக்கிறது என்றாராம். கோப்பித் தட்டோடு நின்ற சீலனுக்கு அந்த வழுக்கல் என்னவென்று உடனே தெரிந்தது. இத்தாலியில் எல்லாச் சாவியும் மில்லிமீற்றர். அமெரிக்கக் கார் அங்குலம். யாழ்ப்பாணத்து மொறிஸ் மைனரும் அங்குலம். அரை அங்குல நட்டுக்கு இங்குள்ள சாவியில் "பன்னிரண்டு ஏறாது, பதின்மூண்டு வழுக்கும்." பிற்பாடு அவர் இதை நட்டுக்கு மட்டும் சொல்லவில்லை. இந்த ஊரில் தன் நிலைமை என்னவென்று யாராவது கேட்டாலும் அதைத்தான் சொல்வார்.

அங்குலத்துக்கு இத்தாலியன் சொல் அவருக்குத் தெரியாது. தட்டைக் கீழே வைத்துவிட்டுப் பெருவிரலின் அகலத்தைக் காட்டியிருக்கிறார். அதிர்ஷ்டத்துக்கு அந்தப் பாஷையில் பெருவிரலுக்கும் அங்குலத்துக்கும் ஒரே சொல். சின்யோராவுக்கு விளங்கிவிட்டது. காரை அவரிடமே ஒப்படைத்தார். ஒரு வாக்கும் கொடுத்தார். கார் முடிந்தால், ஓட்டத்துக்கு முந்திய ஞாயிறு விடியற்காலை மலைச் சாலையைத் திறந்து வைப்பிப்பேன், முதல் ஓட்டம் உன்னுடையது.

அன்று மாலை கடைக்கு வந்ததுபோல ஒரு சீலனை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. வாசலில் நின்றபடியே கதைக்கத் தொடங்கிவிட்டார். அங்குலச் சாவி செற் ஒன்று வேண்டும். அவருடைய சொந்தச் சாவிகள் இப்போது கிணற்றுக்குள். யாழ்ப்பாணம் இடம்பெயர்ந்தபோது தம்பி பெட்டியோடு கிணற்றில் போட்டுவிட்டு ஓடியிருந்தார். சந்தை இரும்புக்கடைக்காரர் மிலானிலிருந்து எடுப்பித்துத் தருவதாகச் சொன்னார். நான்தான் விடவில்லை. கொழும்பில் எனக்கு ஏஜென்ற் இருக்க, நீர் ஏன் மிலானுக்குப் போகிறீர் என்று கேட்டேன். என் கையால் வாங்கிக் கொடுக்க வேண்டும் என்ற எடுப்பு.

அடுத்த நாள் கொழும்புக்கு ரெலிபோன் எடுத்தேன். லைன் இரைந்தது, கடையில் ஆட்கள் காத்து நின்றார்கள். மல்லி, சீரகம், மிளகு என்று வழக்கமான ஓடரைச் சொல்லிக்கொண்டு வந்து, அதே மூச்சில், "இஞ்சி செற் ஒண்டு, அரை இஞ்சியிலை இருந்து முக்கால் இஞ்சி மட்டும்" என்று சொல்லி வைத்துவிட்டேன். சாவி என்ற சொல் என் வாயிலிருந்து வரவே இல்லை. எங்கள் வாயில் அங்குலமும் இஞ்சிதான், சமையல் இஞ்சியும் இஞ்சிதான்.

மூன்று கிழமை கழித்துச் சாமான் வந்தது. சீலன் கொட்டிலில் இருந்து நேரே ஓடிவந்திருந்தார். பெட்டியைப் பிரித்தோம். ஏஜென்ற் நல்ல மனிதர். இஞ்சியை அரை அங்குலத் துண்டு, முக்கால் அங்குலத் துண்டு என்று அளந்து வெட்டி, தனித்தனிப் பையில் கட்டி, பையின் மேல் எழுதியும் விட்டிருந்தார். சீலன் ஒரு பையை எடுத்து மணந்து பார்த்தார். நான் என்ன சொன்னேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது. இஞ்சி நல்ல இஞ்சி என்று சொன்னேன்.

சித்திரைக்கு நானே கொழும்புக்குப் போனேன். பஞ்சிகாவத்தையில் உதிரிப்பாகக் கடைகளுக்குள் புகுந்து, பழைய இங்கிலிஸ் சாவி ஒரு செற்றைத் தேடிப் பிடித்து, செத்தல் மிளகாய் மூட்டைக்குள் வைத்துக் கொண்டுவந்தேன். சாவிகள் தும்மலோடு வந்து சேர்ந்தன. ஆனால் ஏழு கிழமை போய்விட்டது. வைகாசியில் ஓட்டம்.

அதன் பிறகு சீலன் வேலை செய்ததைப் பார்த்தவர்கள் சின்யோராவும் நானும் அவருடைய மனைவியும்தான். பகலில் தரை துடைப்பார், மிச்ச நேரமெல்லாம் கொட்டில். பின் சீற்றைக் கழற்றி எறிந்து, இரும்புக் குழாயால் பாதுகாப்புக் கூடு பூட்டினார். வெள்ளைப் பெயின்ற் அடித்து நீலக்கோடு இழுத்தார். கதவில் வட்டம் போட்டு முப்பத்தொன்று என்று இலக்கம் எழுதினார். எல்லாவற்றுக்கும் ஆதாரம் சின்யோரா கொடுத்த ஒரே ஒரு புகைப்படம். ஒருநாள் நான் போனபோது, தானே செப்பமாக்கிப் பெயின்ற் அடித்த முன் மட்காட்டைச் சுத்தியலால் அடித்துக்கொண்டிருந்தார். உமக்கென்ன பைத்தியமோ என்று கேட்டேன். படத்தைக் காட்டினார். அந்த இடத்தில், கணவரின் காரில், எதிலோ உரசிய நெளிவு ஒன்று இருந்தது.

"ஞாபகத்துக்குச் செய்யிறதெண்டால் நெளிவையும் சேர்த்துத்தான் செய்யவேணும், முதலாளி. இல்லாட்டி அது வேறை ஆற்றையோ கார்."

சின்யோரா வந்து அந்த நெளிவில் கையை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார்.

ஆகவே சீலனின் நெளிவையும் எழுதுகிறேன். கோபக்காரர். ஒலிபெருக்கி விஷயத்தில் கோயில் சுவாமியாரோடு ஒரு வருடம் கதைக்காமல் இருந்தவர். சொன்ன நேரத்துக்கு எங்கேயும் வரமாட்டார். தான் திருத்திய பொருளை வேறு யாராவது திறந்து பார்த்தால் அந்த வீட்டுப் படி மிதிக்க மாட்டார். எல்லாம் உண்மை.

முந்திய ஞாயிறு வந்தபோது காருக்குப் பிறேக் பூட்டி முடியவில்லை. சின்யோரா வாக்கு மாறவில்லை. மலைச் சாலை திறந்துதான் இருந்தது. கார்தான் கொட்டிலில் நின்றது. ஓட்டத்துக்கு முதல்நாள் பின்னேரம்தான் வேலை முடிந்தது. அதற்குள் மலைச் சாலையை ஓட்டத்துக்காக அடைத்துவிட்டார்கள். ஓட்டத்தில் கார் ஓட்டுபவர் சின்யோராவின் மருமகன் என்று முன்பே எழுதிக்கொடுத்தாகிவிட்டது. முற்றத்துக்குள் என்றாலும் ஓட்டிப் பார் என்றார் சின்யோரா.

காரின் நீளம் போக அந்த முற்றத்தில் எட்டு மீற்றர் மிஞ்சும். சீலன் ஏறி உட்கார்ந்தார். ஊர்ப் பழக்கத்தில் அவருடைய இடது கை கியரைத் தேடிப் போய்க் கதவில் முட்டியது. பிறகு எஞ்சினை எழுப்பினார். சுற்றிவர இருந்த கல்லுச் சுவர்களில் அந்தச் சத்தம் மோத, புறாக்கள் எழும்பின, கால்சாப் பெண்கள் பல்கனிக்கு வந்தார்கள். எட்டு மீற்றர் முன்னால் போனார். எட்டு மீற்றர் பின்னால் வந்தார். மூன்று தரம். இறங்கி வந்து, "சத்தம் சரி" என்று மட்டும் சொன்னார்.

அடுத்த நாள் நாங்கள் மலைக்குப் போனோம். நான் சைவக்காரன் என்றாலும் மலை மேல் புனிதை சாந்தா ரொசாலியாவின் குகைக்கு ஏறாமல் ஞாயிறு எனக்கு முடிவதில்லை. உங்களுக்கும் அப்படித்தான். பழைய கல்லுப் பாதை சாலையை வெட்டுகிற ஒரு வளைவில், செபமாலையோடு ஏறிவந்த எங்கள் சனத்தின் நடுவே சீலனும் நானும் நின்றோம். நேர்த்திக்காக அவர் வெறுங்காலோடு வந்திருந்தார். கீழே அந்தச் சத்தம் கிளம்பியதும் கண்ணை மூடிக்கொண்டார்.

"மூண்டாம் கியரிலை வாறான். இனி இரண்டுக்கு வரவேணும்… பிந்துறான்… வந்திட்டான்."

நான் அவருடைய முகத்தைப் பார்க்கப் பயந்து கீழே பார்த்தேன். வலது காலின் பெருவிரல் தார்ச் சாலையை அழுத்திக்கொண்டிருந்தது. வளைவுக்கு முன் எழும்பியது, வளைவு கழிய மறுபடி அழுத்தியது. வெள்ளைக் கார் எங்களைத் தாண்டி மேலே போய்ச் சத்தம் அடங்கிய பிறகும் அந்த விரல் எழும்பவில்லை.

மேலே, கணவரின் நண்பர்களிடம் சின்யோரா அவரை "என் மெக்கானிக்" என்றுதான் அறிமுகப்படுத்தினார். அவர்கள் கைகொடுத்தார்கள். ஒரு மாதம் போவதற்குள் கார் வடக்கே யாருக்கோ விலைப்பட்டு, கப்பலேறிவிட்டது. சீலன் தரை துடைக்கப் போய்வந்துகொண்டிருந்தார்.

ஓட்டத்துக்கு மறுநாள் திங்கட்கிழமை அவர் கடைக்கு வந்தார். எனக்கு அவரை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. மிலானிலிருந்து எடுப்பிக்க விட்டிருந்தால், அல்லது அந்த ரெலிபோனில் ஒரு சொல் கூடச் சொல்லியிருந்தால், அந்த மலையை அவர் ஏறியிருப்பார். மரக்கறிக் கூடைகளுக்கு முன்னால் நின்று கையை நீட்டினார்.

"முதலாளி, அரை இஞ்சி தாரும்."

ஒரு இஞ்சியை எடுத்துப் பாதியாக முறித்து அந்தக் கையில் வைத்தேன். மணந்து பார்த்துவிட்டுச் சட்டைப் பொக்கற்றில் போட்டுக்கொண்டு போனார். அதன்பின் ஒவ்வொரு கிழமையும் அப்படித்தான். நான் அதை ஒருநாளும் தராசில் போட்டதில்லை. மன்னிப்புக் கேட்க எத்தனையோ தரம் வாயெடுத்தேன். அவர் கையை நீட்டிவிடுவார்.

அடக்கம் முடிந்து வீட்டுக்குப் போனபோது அவருடைய மனைவி ஒரு துணிப் பொட்டலத்தைத் தந்தார். அரை இஞ்சி முதலாளியுடையது என்று எப்போதும் சொல்வாராம். உள்ளே அந்த அரை அங்குலச் சாவி இருந்தது. மிளகாய் மணம் இன்னும் போகவில்லை.

என் கடையில் அதற்குப் பொருந்துகிற நட்டு ஒன்றுகூட இல்லை. இஞ்சிக் கூடைக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். யார் வந்து இஞ்சி கேட்டாலும், என் கை முதலில் அந்த இரும்பைத்தான் தொடுகிறது. பிறகுதான் கூடைக்குப் போகிறது.