ஊசி என் விரலில் ஏறிய பிறகு

இரத்தம் எடுக்கும் தொழிலில் கதிரையில் உட்கார்ந்திருப்பவர் பயப்படலாம், எதிரே நிற்பவர் பயப்படக் கூடாது. யுத்த காலத்தில் கண்டி டவுனில் ஒரு தனியார் பரிசோதனை நிலையத்தில் எதிரே நின்றவன் நான். கழுவிய கையை மறுபடியும் கழுவத் தோன்றுகிறதா உங்களுக்கும்? அப்படியென்றால் நாம் சொந்தக்காரர்கள்.

பன்வில அம்மா

பன்வில பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்த ஓர் அம்மாவுக்கு இரத்தம் எடுத்து ஊசியை உருவும்போது, அவர் கையை வெடுக்கென்று இழுத்தார். ஊசி என் விரலில் ஏறியது. எய்ட்ஸ் என்ற சொல் பத்திரிகைகளில் அடிபடத் தொடங்கியிருந்த நேரம். பிறகு அவர் சம்மதத்தோடு சோதித்ததில் அவருக்கு ஒன்றுமில்லை என்றுதான் வந்தது, நான்தான் நம்பவில்லை. ஆனால் ஊசி ஏறிய அந்த நிமிடம் கண் இருட்டி, தரையில் உட்கார்ந்து அழுதுவிட்டேன். அவர் பஞ்சை அழுத்திப் பிடித்தபடி குனிந்து கேட்டார்: "ஊசி குத்துனது எனக்கு, நீங்க ஏன் தம்பி அழுவுறீங்க?"

பாலத்தடியில்

அன்று கையைக் கழுவத் தொடங்கினேன். கிருமி கொல்லும் மருந்தைத் தண்ணீர் கலக்காமலே ஊற்றித் தேய்த்ததில் தோல் வெந்து உரிந்தது. என் சின்ன மகளைத் தூக்குவதையும் விட்டுவிட்டேன்.

ஒரு காலை கட்டுகஸ்தோட்டைப் பாலத்தடிச் சோதனைச் சாவடியில் என்னைப் பஸ்ஸிலிருந்து இறக்கினார்கள். அடையாள அட்டையில் தமிழ்ப் பெயர், கையில் இரசாயனப் புண். வெடிமருந்து கலந்த கை என்று நினைத்துவிட்டார்கள். நண்பகல்வரை அங்கிருந்த மர வாங்கில் உட்கார வைத்திருந்தார்கள். எங்கள் நிலையத்து டாக்டர், யாழ்ப்பாணத்துக்காரி, செய்தி கேட்டு நேரில் வந்து நான் யார், ஏன் இப்படிக் கழுவுகிறேன் என்று விளக்கினார். அதிகாரி என் கைகளைத் திருப்பிப் பார்த்துவிட்டுச் சிங்களத்தில் சொன்னார்: "எங்களுக்குக் குண்டுக்குப் பயம். இந்த மனுசனுக்குத் தன் கைக்கே பயம்."

டாக்டரின் வைத்தியம்

திரும்பும் வழியில் டாக்டரிடம் அதுவரை மறைத்திருந்ததையும் சொன்னேன். வேறு வேறு பெயர்களில் என் இரத்தத்தை நானே நான்கு தரம் சோதித்திருந்தேன். கடைசிச் சோதனை, ஊசி ஏறி ஆறு மாதம் கழித்து. எல்லாவற்றிலும் ஒன்றுமில்லை.

"இனிச் சோதனை இல்லை. கையுறை போடுங்கோ. ஒரு ஆளுக்கு ஒருக்காத்தான் கழுவலாம்" என்றார்.

முதல் நாள் வியர்த்துக் கொட்டியது. பைப்புக்கு முதுகைக் காட்டி நின்றேன். ஒரு மணித்தியாலத்தில் பதற்றம் தணிந்தது; அடுத்த நாள் அதற்கும் முன்பே. மாதக் கடைசியில் தோல் ஆறி, மகளைத் தூக்கினேன். இருந்தும் பயம் வருகிறதே என்று டாக்டரிடம் முறையிட்டேன். அவர் எழுதிக்கொண்டிருந்த அறிக்கையிலிருந்து தலை நிமிராமல் சொன்னார்: "ஓம், வரும். வந்தால் கதிரை குடுங்கோ, தேத்தண்ணி குடுக்காதேங்கோ."

அதற்குப் பிறகும் பல வருடம் இரத்தம் எடுத்தேன். பயமும் இடைக்கிடை வந்து, உபசரிக்க ஆளில்லாமல் எழும்பிப் போய்க்கொண்டிருந்தது.