பெரியப்பா சண்டை போடாத ஆட்டம்

கேரமில் பெரியப்பாவை நான் ஒரே ஒருமுறை ஜெயித்திருக்கிறேன். அதைப்போல எரிச்சல் மூட்டிய வெற்றி இன்றுவரை எனக்குக் கிடைத்ததில்லை.

பெரியப்பா கிள்ளான் துறைமுகத்துக்குக் கொள்கலன் லோரி ஓட்டியவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சிகரெட் நுரையீரலைத் தின்று தீர்த்ததும், ஆக்சிஜன் மெஷினோடு எங்கள் அடுக்குமாடி வீட்டுக்கு வந்து சேர்ந்தார். அதற்கு முன்பெல்லாம் பலகை முன் உட்கார்ந்தால் பத்து வயதுப் பையனான என்னோடு சரிக்குச் சரி மல்லுக்கு நிற்பார். நான் காயை விரலால் நகர்த்தினால், "டேய் கள்ளா, கைய எடு" என்று கீழ்மாடிவரை கேட்கும். அவரும் நகர்த்துவார். அதற்குப் பெயர் அனுபவமாம்.

வந்த பிறகு மனிதர் வாயே திறப்பதில்லை. எதைக் கேட்டாலும் "ஓகே லா". சாப்பிடாததற்கு மூச்சு காரணம், தூங்காததற்கு மூச்சு காரணம். சவரம் செய்யாததற்கும் மூச்சுதான் என்றாள் அம்மா. பால்கனிவரை நடக்கட்டுமென்று அப்பா மெஷினுக்கு நீளமான குழாய் வாங்கி மாட்டினார். பெரியப்பா நாற்காலியை விட்டு அசையவில்லை. பார்க்க வந்தவர்கள் ஆளுக்கொரு பிஸ்கட் டின்னும் ஆளுக்கொரு வைத்தியமும் தந்துவிட்டுப் போனார்கள். பிஸ்கட்டை நான் கவனித்துக்கொண்டேன்.

ஒரு மத்தியானம் கெஞ்சிக் கூத்தாடி அவரை ஆட வைத்தேன். அவர் கண்ணெதிரிலேயே சிவப்புக் காயைக் கையால் எடுத்துக் குழியில் போட்டேன். சத்தமில்லை. மிச்சக் காய்களையும் அள்ளிப் போட்டேன்.

"சரிடா, நீயே ஜெயிச்சுக்க" என்று சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

இவ்வளவு பாடுபட்டு ஏமாற்றுகிறவனை ஒரு வார்த்தை திட்டக்கூடவா முடியாது?

அடுத்த வாரம் கிளினிக்கில் டாக்டரம்மாவிடமும் அதே "ஓகே லா". அம்மா மூச்சைப் பற்றியே முறையிட்டாள். எனக்குப் பொறுக்கவில்லை.

"ஓகே இல்ல ஆன்டி, சும்மா சொல்றாரு. அவரு முன்னாடியே கேரம்ல கள்ள ஆட்டம் ஆடுறேன், ஏச மாட்டேங்கிறாரு."

அம்மா என் தொடையைக் கிள்ளினாள். டாக்டரம்மாவோ எழுதுவதை நிறுத்திவிட்டார்.

"எப்பலேர்ந்து தம்பி இப்படி?"

"எங்க வீட்டுக்கு வந்ததிலேர்ந்து."

அவர் தன் நாற்காலியைப் பெரியப்பா பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, எங்களை வெளியே உட்காரச் சொன்னார். கதவுக் கண்ணாடி வழியே எட்டிப் பார்த்தேன். பெரியப்பா பேசிக்கொண்டே இருந்தார். இடையில் சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

எனக்கு வயிற்றெரிச்சல் தாங்கவில்லை. டாக்டரம்மாவுக்குக் கேரம் என்றால் இவ்வளவு உயிர் என்று முன்பே தெரிந்திருந்தால், பலகையைக் கையோடு தூக்கி வந்திருப்பேன்.