வளரும் நாய்க்கு ஒரு வீடு

கடையில் அவர் கட்டிங் மாஸ்டர். தெருவில் ‘ரெண்டு இஞ்ச் மாஸ்டர்’. முப்பத்தொரு வருடமாகப் பள்ளிக்கூடச் சீருடை வெட்டுகிறவர். எந்தப் பிள்ளை முன்னால் வந்து நின்றாலும் அளவெடுத்துவிட்டு, “வளர்ற புள்ள” என்று வாய்க்குள் முணுமுணுத்து, இரண்டு அங்குலம் கூட்டித்தான் எழுதுவார். தோள் முழங்கைக்கு இறங்கிய சட்டையோடு அந்தத் தெருவில் ஒரு தலைமுறையே வளர்ந்து ஆளாகிவிட்டது. அந்த இரண்டு அங்குலத்தை யாரும் கேள்வி கேட்டதில்லை, அந்த வியாழக்கிழமை வரை.

மகள் மூன்று மாதக் குழந்தையோடு ஞாயிறு காலை வருகிறாள். குழந்தைக்கு மூச்சிரைப்பு. நாய் முடி பக்கத்திலேயே வரக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பட்டனோ ஒன்பது வருடமாக வீட்டுக்குள் படுத்துப் பழகிய நாய். நெற்றியில் சட்டைப் பித்தான் அளவுக்கு ஒரு கறுப்புப் புள்ளி. மகள் பள்ளிக்கூடம் போன காலத்தில் புத்தகப் பைக்குள் போட்டுக்கொண்டு வந்த குட்டி அது.

“பின்னாடி அதுக்கொரு வீடு கட்டுங்க” என்றாள் மனைவி. “சனிக்கிழமை ஆறு மணிக்குள்ள தானாப் போய்ப் படுத்துச்சுன்னா இருக்கட்டும். கதவைப் பிறாண்டிக்கிட்டு அழுதுச்சுன்னா என் தம்பி வேன்ல ஏத்திட்டுப் போயிடுவான். அவன் குடோன்ல காவலுக்கு நாய் வேணுமாம்.”

“சங்கிலியில கட்டியா?”

“பின்ன, சோபாவுல உக்கார வச்சா?”

சொல்லிவிட்டு அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தினமும் பட்டனுக்குத் தட்டு வைக்கிறவளும் அவள்தான்.

அன்று மாலை கார்பென்டர் நாய் வீடு வரைந்த இரண்டு தாள்களோடு வந்து மேஜையில் விரித்தார்.

“மாஸ்டர், இது சின்னது. எந்திரிச்சு நின்னா தலை தட்டாது, சுருண்டு படுத்தா முதுகு பலகையில படும். இன்னொன்னு பெரிசு. ஜன்னலெல்லாம் இருக்கு. பாக்க நல்லாருக்கும். என்னைக் கேட்டா சின்னதுதான்.”

மாஸ்டர் டேப்பை எடுத்தார். புதுச் சட்டைக்கு நிற்கிற பிள்ளையைப் போலப் பட்டன் அசையாமல் நின்று அளவு கொடுத்தது. கழுத்திலிருந்து வால் வரை, தோளிலிருந்து தரை வரை. எழுதும்போது அவர் உதடு தானாக அசைந்தது. “வளர்ற புள்ள.”

“ஒன்பது வயசு மாஸ்டர் அதுக்கு. இனிமே வளர்றதுன்னா நரைதான் வளரும்.”

“பெரிசையே கட்டுங்க” என்றார் மாஸ்டர். “வீட்டை விட்டுத் துரத்துறோம். துரத்துற இடமாவது தாராளமா இருக்கட்டும்.”

கார்பென்டர் சின்ன வீட்டின் தாளைக் காலண்டர் ஆணியில் குத்திவைத்துவிட்டுப் போனார்.

சனிக்கிழமை நான்கு மணிக்கு வீடு நின்றது. சரிந்த கூரை, இரண்டு ஜன்னல். மனைவி வந்து எட்டிப் பார்த்தாள்.

“இது நாய்க்கா, வாடகைக்கு விடவா?”

பட்டன் உள்ளே போனது. நான்கு மூலையையும் மோந்து பார்த்தது. வெளியே வந்துவிட்டது. பழைய போர்வையை விரித்துக் கூப்பிட்டார், போய்விட்டுத் திரும்பியது. பிஸ்கட் வைத்தார், பிஸ்கட்டோடு திரும்பியது. “படுடா, ஒரு தடவை படு” என்று அதன் காதில் கெஞ்சினார். அது அவர் முகத்தை நக்கியது.

ஐந்து மணிக்கே வானம் இருண்டது. அதற்கு முன்பே வேன் வந்துவிட்டது. மச்சினன் இறங்கினான்.

“சங்கிலி கொண்டாந்திருக்கேன் மாமா. சும்மா சொல்லக்கூடாது, நல்ல சங்கிலி.”

முதல் இடி இடித்தது. பட்டன் பாய்ந்து போய்ச் சமையலறைக் கதவைப் பிறாண்டியது. உள்ளே மனைவி தாழ்ப்பாளில் கை வைத்தபடி நின்றாள். திறக்கவில்லை. கண்கள் மட்டும் நிரம்பிக்கொண்டு வந்தன.

மாஸ்டர் மனதுக்குள் ஏதோ இடறியது. இடி இடித்தால் இந்த நாய் எங்கே போகும்? முன்வாசல் வழியாக உள்ளே ஓடினார். கூடத்து மூலையில் பழைய தையல் மெஷின். அதன் மிதிபலகைக்கும் சுவருக்கும் நடுவே ஓர் இடுக்கு. ஒன்பது வருடமாக ஒவ்வோர் இடிக்கும் பட்டன் சுருண்டுகொள்கிற இடம். டேப்பை வைத்து அளந்தார். காலண்டர் ஆணியிலிருந்த தாளை இழுத்துப் பார்த்தார். ஏறக்குறைய அதே அளவு.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

“பெரிசா வெட்டிட்டேன்டி.”

“எதை?”

“வீட்டை. வளர்ற புள்ளைன்னு நெனச்சு வெட்டிட்டேன்.”

மனைவி அவரைப் பார்த்தாள், கடிகாரத்தைப் பார்த்தாள். ஐந்து இருபது.

“லூசாப் போன சட்டைய என்ன பண்ணுவீங்க?”

“உள்பக்கம் தையல் போட்டுப் பிடிச்சுக் குடுப்பேன்.”

“அப்ப எந்திரிச்சுப் பிடிங்க.”

கட்டிலுக்கு அடியிலிருந்து அவளே பழைய துணி வெட்டும் பலகையை இழுத்துப் போட்டாள். மகளுக்கு முதல் கவுன் வெட்டிய பலகை.

“இதையா?”

“வேற பலகை இருக்கா?”

கார்பென்டர் விட்டுப்போன ரம்பம் பின்பக்கம் கிடந்தது. மாஸ்டர் அறுத்தார். ஒரு முனையைப் பிடிக்க ஆளில்லை.

“பிடிடா” என்றாள் மனைவி தம்பியிடம்.

“நாயக் கூட்டிட்டுப் போக வந்தவனையே பிடிக்கச் சொல்றியேக்கா” என்று முனகிக்கொண்டே மச்சினன் பிடித்தான்.

ஒரு துண்டு உள்ளே தடுப்பாக நின்றது. இன்னொரு துண்டு தாழ்ந்த கூரையாக ஏறியது. ஜன்னல்களில் சாக்கை அடித்து மூடினார். ஆணி ஒன்று வளைந்தது, விரல் ஒன்று நசுங்கியது, மழையின் முதல் துளி விழுந்தது. ஐந்து ஐம்பத்திரண்டு. போர்வையைச் சரி செய்ய அவர் கையை உள்ளே விட்டிருந்தபோது வானம் பிளந்ததுபோல இடித்தது.

பட்டன் கதவை விட்டு ஓடி வந்தது. வாசலில் ஒரு கணம் நின்றது. மூவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். தலையை நுழைத்தது. ஒரு சுற்றுச் சுற்றியது. முதுகு பலகையில் பட்டது. நீளமாக ஒரு மூச்சு விட்டு, அவர் மணிக்கட்டின் மேல் தாடையை வைத்துச் சுருண்டுகொண்டது.

மழை கொட்டியது. ஆறு மணி ஆனது. பட்டன் எழவில்லை.

“மாமா, நான் கிளம்பவா?”

மாஸ்டர் உள்ளே விட்ட கையை எடுக்காமல் குனிந்தே இருந்தார். மனைவிதான் சொன்னாள். “அந்தச் சங்கிலிய எடுத்துக்கிட்டுக் கிளம்பு. ஹாரன் அடிக்காமப் போ.”

குடையை விரித்து அவர் பக்கத்தில் வந்து நின்றாள்.

“கைய எடுங்க. நனையிறீங்க.”

“நல்லாத் தூங்கிரட்டும்.”

அவள் குடையை அவர் பக்கம் சாய்த்துப் பிடித்தாள்.

“நாளைக்குப் பேரனுக்குச் சட்டைக்கு அளவெடுக்கணும்” என்றாள். “அவனுக்கு வேணா ரெண்டு இஞ்ச் கூட்டிக்கங்க.”