இரண்டாம் பாதி கொஞ்சம் இழுவை

ஒரு புதுப்படம் தேறுமா தேறாதா என்று தெரிய வேண்டுமானால் அந்தத் தெருக்காரர்கள் தியேட்டர் பக்கம் போக மாட்டார்கள். பல்செட் செய்கிற பட்டறையின் மாடிக்குப் போவார்கள். அங்கே ஜன்னலோர மேஜையில், கையெல்லாம் வெள்ளை மாவோடு, யார் யாருடையவோ இருபது முப்பது தாடை அச்சுகளுக்கு நடுவில் ஒருவர் உட்கார்ந்திருப்பார். அவரை எல்லாரும் ஜட்ஜ் என்றுதான் கூப்பிட்டார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் இருந்தது.

ஜட்ஜின் தீர்ப்பு எப்போதும் ஒன்றுதான்.

"முதல் பாதி பிரமாதம். ரெண்டாம் பாதி கொஞ்சம் இழுவை."

சண்டைப் படம், பேய்ப் படம், அழுவாச்சிப் படம் எதுவானாலும் இதுதான். 'கொஞ்சம்' என்று சொல்லும்போது கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் ஒரு நூலளவு இடைவெளி காட்டுவார். மெழுகில் பல் பதிக்கிற விரல்கள் அல்லவா, அந்த இடைவெளி ஒருநாளும் கூடியதுமில்லை, குறைந்ததுமில்லை. இருபத்தெட்டு வருஷத்தில் ஒருவர்கூட அந்தத் தீர்ப்பை மறுத்ததில்லை. படம் பிடித்தவர்கள் அவர் பாராட்டினார் என்றார்கள், பிடிக்காதவர்கள் அவர் கிழித்துவிட்டார் என்றார்கள். இரண்டு கட்சியும் திருப்தியாக வீட்டுக்குப் போயின.

இப்போது அவரிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை. கேட்டால் முக்கால் மணி நேரம் பதில் சொல்கிறார். அது எப்படி ஆயிற்று என்பதுதான் கதை.

முதலில் ஒரு உண்மையைப் போட்டு உடைத்துவிடுகிறேன். ஜட்ஜ் தன் வாழ்நாளில் எந்தப் படத்தின் இரண்டாம் பாதியையும் பார்த்ததில்லை. காலை ஆறு மணிக்கே பட்டறையில் உட்கார்ந்து பல் தேய்க்கிறவர், சனிக்கிழமை மதியம் குளுகுளு அரங்கத்தில், இடைவேளையில் வயிறு நிறையத் தின்றுவிட்டு உட்கார்ந்தால் வேறு என்ன நடக்கும்? தூங்கிவிடுவார். அதிலும் ஒரு வரம் வாங்கி வந்திருந்தார். குறட்டை கிடையாது, தலை சாயாது, வாய் திறக்காது. கைகளைக் கட்டிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தபடியே தூங்குவார். கறுப்புக் கண்ணாடி வேறு. பக்கத்தில் இருக்கிற பட்டறை நண்பர்கள், மனுஷன் எப்படி ஒன்றிப்போய்ப் பார்க்கிறார் பார் என்று வியந்து, தங்கள் பொட்டலத்தைக்கூடச் சத்தமில்லாமல் பிரிப்பார்கள்.

முதல் தடவை விளக்குப் போட்டதும் முழித்துக்கொண்டபோது, பட்டறையில் பாலீஷ் போடுகிறவர் கேட்டார்: "எப்படி இருந்துச்சு?" வாயில் வந்ததை இவர் சொன்னார். "அட! நானும் அதேதான் நினைச்சேன்" என்று அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். அவ்வளவுதான். தனியாகச் சொன்ன பொய்யை வாபஸ் வாங்கலாம். ஊரே சேர்ந்து ஆமாம் போட்ட பொய்யை எங்கே கொண்டுபோய்க் கொடுப்பது? நாவல்களுக்கும் அதே வழக்கம் வந்துவிட்டது. நூலகத்தில் வாங்கி வருவார், பாதியில் அடையாளம் வைப்பார், அடையாளத்தோடு திருப்பிக் கொடுப்பார். நூலகக்காரம்மாவும், "ரெண்டாம் பாதி இழுவைதானே?" என்று அவரே கேட்டு அவரே தலையாட்டிக்கொள்வார்.

ஜட்ஜின் மனைவி ஒரு அச்சகத்தில் பிழை திருத்துகிறவள். சினிமாவுக்கு வரமாட்டாள். "பேர் போடறப்பவே ரெண்டு எழுத்துப்பிழை வருது, அப்புறம் எனக்குப் படம் எங்க ஓடும்?" என்பாள். சிவப்புப் பேனாவும் கையுமாக இருக்கிறவள். கடைக்குச் சாமான் பட்டியல் எழுதிக் கொடுத்தால் அதையும் திருத்திவிட்டுத்தான் கொடுப்பாள். அவள் மூன்று வருஷமாக ஒரு நாவல் எழுதிக்கொண்டிருந்தாள். அச்சகத்தில் வீணாகும் தாள்களின் பின்பக்கத்தில், கையால். முன்பக்கத்தில் தண்ணீர் மோட்டார் பொருத்தும் முறை அச்சடித்திருக்கும். பின்பக்கத்தில் இவள் கதை. மொத்தம் முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கம். அச்சக முதலாளி, தானே புத்தகமாகப் போடுவதாகச் சொல்லிவிட்டார்.

"ஊருக்கெல்லாம் சொல்றீங்க, எனக்குச் சொல்லுங்க" என்று கட்டைக் கொண்டுவந்து அவர் மடியில் வைத்தாள். "நீங்க நல்லா இல்லைன்னு சொன்னா நல்லா இல்ல. நான் யாரையும் கேக்கப்போறதில்ல."

ஜட்ஜ் படித்தார். உண்மையாகவே படித்தார். பெரிய குடும்பத்துக்குச் சமைத்துக்கொட்டுகிற ஒரு பெண்ணின் கதை. காலையில் பட்டறைக்குக் கிளம்ப மனசில்லாமல் செருப்பை மாட்டிக்கொண்டே படித்தார். நூற்று ஐம்பத்தாறாம் பக்கத்தில் அந்தப் பெண் வீட்டைப் பூட்டிச் சாவியைப் பூந்தொட்டியில் போட்டுவிட்டு, ஒரு குடையோடு பேருந்து நிலையத்தில் வந்து நிற்கிறாள். அதோடு பாதி முடிந்தது. ஜட்ஜுக்குப் பெருமையில் நெஞ்சு விம்மியது. ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு வந்து உட்கார்ந்தார். பழக்கதோஷம், கைகள் தாமாகக் கட்டிக்கொண்டன.

முழித்தபோது மனைவி எதிரில் நின்றாள்.

"முடிச்சிட்டீங்களா? எப்படி இருக்கு?"

நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள். விரல்கள் நூலளவு இடைவெளியோடு முன்னால் வந்துவிட்டன, வாய் பின்னாலேயே வந்தது.

"முதல் பாதி பிரமாதம். ரெண்டாம் பாதி கொஞ்சம் இழுவை."

அவள் கோபிக்கவில்லை. தலையாட்டினாள். "எனக்கும் ஒரு சந்தேகம் இருந்துச்சு" என்றாள். மூன்று நாள் கழித்து, "வெட்டிட்டேங்க" என்றாள். அங்கங்கே நாலு வரியை அடித்திருப்பாள் என்று நினைத்து, "நல்லதுதான்" என்றார் ஜட்ஜ். வருகிற வெள்ளிக்கிழமை புத்தகம் அச்சேறப் போவதையும் சொன்னாள்.

புதன்கிழமை பட்டறைக்குப் பல் டாக்டர் ஒருவர் போன் செய்தார். "ஜட்ஜ், நீங்க அனுப்பின செட்டைப் போட்டுக்க ஒரு டீச்சரம்மா மாட்டேங்கறாங்க. பொட்டியில இருந்த காகிதத்துல கதை பாதியில நிக்குதாம். மிச்சம் வந்தாத்தான் வாயைத் திறப்பாங்களாம். உடனே வாங்க."

இந்த இடத்தில் பட்டறை வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். பல்செட்டும் அச்சும் பெட்டிக்குள் ஆடாமல் இருக்கக் காகிதத்தைக் கசக்கி அடைப்பார்கள். செய்தித்தாள் என்றால் ஈறில் மை ஒட்டுகிறது என்று புகார். அதனால் ஜட்ஜின் மனைவிதான் மாதம் ஒரு பை அச்சகக் கழிவுத்தாள் கொடுத்தனுப்புவாள். போன வாரமும் ஒரு பை வந்தது. போனை வைத்துவிட்டு ஜட்ஜ் அந்தப் பையில் கையை விட்டார். அடியில் ஒரே ஒரு தாள் கிடந்தது. ஒரு பக்கம் தண்ணீர் மோட்டார். மறுபக்கம் மனைவியின் கையெழுத்து. மேல்மூலையில் நூற்று எழுபது.

வெட்டிவிட்டேன் என்றால் அடியோடு வெட்டியிருக்கிறாள். வேறு பிரதி கிடையாது. இருபத்தெட்டு வருஷத்துத் தூக்கம் ஒரு நல்ல மனுஷியின் மூன்று வருஷத்தைத் தின்றுவிட்டது. அவர் அந்த மாடிப்படியில் உட்கார்ந்து, பல்லைக் கடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதார். பிறகு பெட்டிகள் போன விலாசங்களை எழுதிக்கொண்டு கிளம்பினார். நாற்பது பெட்டி. நாற்பது வாய்.

பல் போனால் சொல் போச்சு என்பார்கள். செட்டைப் போட மறுத்த அந்தக் கணக்கு டீச்சருக்குப் பல் மட்டும்தான் போயிருந்தது.

"நூத்தி எழுபத்தொண்ணுல பஸ் வருது தம்பி. நூத்தி எழுபத்திரெண்டுல குடையை மறந்துட்டு ஏறறா. நூத்தி எழுபத்துமூணு எங்க? குடை என்னாச்சு?"

"தெரியல டீச்சர்."

"யார் எழுதினது?"

"என் வீட்டுக்காரம்மா."

"அப்படின்னா நீங்க படிச்சிருப்பீங்களே!"

ஜட்ஜ் கீழே பார்த்தார். பள்ளிக்கூடத்தில் வீட்டுப்பாடம் செய்யாமல் நின்றது போல் இருந்தது. குடை என்னாயிற்று என்று தெரிந்ததும் தகவல் சொல்வதாக வாக்குக் கொடுத்துத்தான் தாள்களை வாங்க முடிந்தது.

மற்றவர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. முடிதிருத்துகிற ஒருவர் தனக்கு வந்த நாலு தாளையும் கண்ணாடியில் ஒட்டி, வருகிறவர்களிடமெல்லாம் வாக்கெடுப்பு நடத்திக்கொண்டிருந்தார். அவள் அந்தப் பேருந்தில் ஏறியிருக்கக்கூடாது என்று பதினொரு பேர், ஏறியது சரி என்று ஒன்பது பேர். லாரி ஓட்டி ஓய்ந்த ஒருவர் தாளைத் திருப்பிப் படித்திருந்தார். "அருமையான எழுத்து சார். குழாயை இறுக்கறதுக்கு முன்னாடி காத்தை வெளியேத்தணும்னு எவ்வளவு அக்கறையா சொல்றாங்க! ஆனா கதாநாயகி யாருன்னுதான் பிடிபடல." பின்பக்கத்தைக் காட்டியதும், "இது வேறயா? ரெண்டையும் சேர்த்துக் கொடுத்தா ஒரே செலவுல முடிஞ்சிரும்" என்றார். ஒரு புருஷன் பெண்டாட்டிக்கு ஒரே நாளில் செட் போயிருந்தது. ஆளுக்கு மூன்று தாள். அவர் தன் பக்கங்களை அவளுக்குக் காட்டவில்லை, அவள் தன் பக்கங்களை அவருக்குக் காட்டவில்லை. இருவரும் ஜட்ஜைத் தனித்தனியாகச் சமையலறைக்குக் கூப்பிட்டு, "அவர்கிட்ட இருக்கற பாகத்துல என்ன நடக்குது?" "அவகிட்ட இருக்கறதுல?" என்று கிசுகிசுத்தார்கள்.

போன இடத்திலெல்லாம் ஜட்ஜ் ஒரு கேள்வியை மட்டும் தயங்கித் தயங்கிக் கேட்டார். "கொஞ்சம் இழுவையா இருந்துச்சா?" ஒருவர்கூட ஆமாம் என்று சொல்லவில்லை. முடிதிருத்துகிறவர் கத்தியை நிறுத்திவிட்டு, "நாலு பக்கத்துல எங்கேர்ந்துங்க இழுக்கும்?" என்றார். அதுவும் நியாயம்தான்.

வியாழக்கிழமை சாயங்காலம், நூற்று ஐம்பத்து மூன்று தாள்களோடு ஜட்ஜ் அச்சகத்துக்குப் போனார். மூன்று தாள் எங்கேயோ போனது போனதுதான். மனைவி மேஜையில் முதல் பாதியைக் கடைசியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். கசங்கிய கட்டை அவள் முன்னால் வைத்தார்.

"இதைச் சேர்த்துப் போடச் சொல்லு. இழுவை இல்ல."

"நீங்கதானே சொன்னீங்க?"

"நான் படிக்கலம்மா."

அவள் பேனாவைக் கீழே வைத்தாள். "எது வரைக்கும் படிச்சீங்க?"

"சாவியைத் தொட்டியில போடற வரைக்கும். அப்புறம் தூங்கிட்டேன்."

"அப்ப சினிமா?"

"அதுவுந்தான்."

"எல்லாப் படமுமா?"

"எல்லாம்."

அவள் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தார். சிரிக்கவில்லை. "நான் கட்டுலேர்ந்து ஒவ்வொரு தாளா உருவினேன்" என்றாள். "நீங்க சொன்னதால, அழாம உருவினேன்." ஜட்ஜுக்கு அங்கேயே மண்ணுக்குள் போய்விடலாம் போல் இருந்தது. அவள் எழுந்துபோய் முதலாளியிடம் ஒரு வாரம் அவகாசம் கேட்டு வந்தாள். பிறகு முதுகு சாய முடியாத ஒரு முக்காலியை இழுத்துப் போட்டாள்.

"உக்காருங்க. படிங்க. என் எதிர்ல."

அன்று தொடங்கி மூன்று நாள், வேலை முடிந்ததும் ஜட்ஜ் நேராக அச்சகத்துக்கு வந்து அந்த முக்காலியில் உட்கார்ந்து படித்தார். கறுப்புக் கண்ணாடி அவள் கைப்பைக்குள் இருந்தது. இரண்டாம் பாதி என்று ஒன்று உலகத்தில் இருப்பதே அவருக்கு இப்போதுதான் தெரிகிறது. கதாநாயகி தெரியாத ஊரில் இறங்குகிறாள், வேலை தேடுகிறாள், குடை இன்னொரு பேருந்தில் வந்து சேர்கிறது. எல்லாம் நடக்கிறது! சனிக்கிழமை நண்பர்கள் சினிமாவுக்குக் கூப்பிட்டபோது, "நேரமில்லப்பா, படிச்சிட்டிருக்கேன்" என்றார். தொலைந்த மூன்று பக்கத்தை அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து திரும்ப எழுதினாள்.

கடைசித் தாளைக் கவிழ்த்து வைத்தார்.

"சொல்லுங்க" என்றாள்.

விரல்கள் பழக்கத்தில் எழுந்தன. அவற்றை அடக்கித் தொடைமேல் வைத்துக்கொண்டார். இவ்வளவு பயம் அவருக்கு வாழ்க்கையில் வந்ததில்லை.

"நல்லா இருக்கு. ஆனா இருநூத்தி நாலாம் பக்கத்துல அவ அழுதிருக்க வேண்டாம்."

"ஏன்?"

"டிக்கெட் கவுண்டர்ல யாரோ ஒருத்தர், 'ரொம்ப நேரமா நிக்கறீங்களே, கால் வலிக்கலையா?'ன்னு கேக்கறார். அதுக்குப் போய் ரெண்டு பக்கம் அழறா. இவ்வளவு தைரியமா கிளம்பி வந்தவ, அதுக்கா அழுவா? நம்பற மாதிரி இல்ல."

மனைவியின் முகம் சிவந்தது. "அழாம என்ன பண்ணுவா? அதுவரைக்கும் யாரும் கேக்காததை ஒருத்தர் கேட்டா?"

"யாரும் கேக்காம இருப்பாங்களா? அவ புருஷன் நல்லவனாத்தானே வர்றான். அடிக்கல, குடிக்கல. அவன் கேட்டிருப்பான்."

"எந்தப் பக்கத்துல?"

"என்னது?"

"எந்தப் பக்கத்துல கேக்கறான்? எடுத்துக் காட்டுங்க."

ஜட்ஜ் சவாலை ஏற்றார். முந்நூற்றுப் பன்னிரண்டு தாளையும் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். ஒன்றாம் பக்கத்திலிருந்து ஆரம்பித்து, மெழுகில் பல் வரிசை பார்க்கிற அதே கவனத்தோடு, விரலை வைத்து வரிவரியாகத் தேடினார். முப்பத்தேழில் அந்தப் புருஷன் உப்பு கேட்கிறான். அறுபத்திரண்டில் சட்டை கேட்கிறான். தொண்ணூற்றொன்றில் கதாநாயகியின் அக்காவுக்கு உடம்பு எப்படி என்று கேட்கிறான். அங்கே ஜட்ஜ் ஒரு கணம் நம்பிக்கையோடு நிமிர்ந்தார், பிறகு மறுபடி குனிந்தார். அச்சகத்தில் இயந்திரங்களை நிறுத்திவிட்டு ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். மனைவி எதிரில் நின்றுகொண்டிருந்தாள். அன்று காலையிலிருந்து இயந்திரத்தோரம் நின்றபடியே பிழை பார்த்தவள். வலது காலின் கனத்தை இடது காலுக்கு மாற்றி நின்றாள்.

நூற்று ஐம்பத்தாறாம் பக்கம் முடிந்தது. சாவி தொட்டியில் விழுந்தது.

"இல்ல" என்றார் ஜட்ஜ்.

"அதான் அழறா."

அவர் முக்காலியிலிருந்து எழுந்தார். அதை அவள் பக்கம் நகர்த்தினார். இருநூற்று நாலாம் பக்கத்தைத் தேடி எடுத்து இன்னொரு முறை படித்தார்.

"அழட்டும்" என்றார்.