முடிவெட்ட ஆளில்லை என்று நான் எழுதிய கடிதம்

இந்தத் தாள் கைக்குக் கிடைக்கும் ஐயா, அல்லது அம்மையீர்,

வணக்கம். என் கையால் முன்பு எழுதிய ஒரு பொய்யைப் பற்றி, அதே கையால் தங்களுக்கு எழுதத் துணிகிறேன்.

நாடு சுதந்திரம் பெற்ற புதிதில் மலாக்காவின் காஜா பேராங்கில் எனக்குச் சிறிது மதிப்பு இருந்தது. பள்ளிப் படிப்பு நான்காம் வகுப்போடு சரி. மீதியை அகராதியும் பழைய நாளிதழ்களும் கற்றுக்கொடுத்தன. அரசாங்கத்துக்கு ஆங்கிலத்தில் மனு எழுத வேண்டியவர்கள் என்னைத் தேடி வருவார்கள்.

எங்கள் தெருவில் இரண்டு நாற்காலிகள் கொண்ட முடிதிருத்தும் கடை ஒன்று இருந்தது. ஒரு நாற்காலியில் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்த முதலாளி வெட்டுவார். மற்றதில் மலாக்காச் செட்டி ஒருவர்; பல தலைமுறைக்கு முன் இங்கே குடியேறி, மலாயையே வீட்டுமொழியாக்கிக்கொண்ட தமிழ் வணிகர் வழி வந்தவர். இதே ஊரில் பிறந்தவர். நெற்றியில் திருநீறு, நாவில் மலாய். தமிழில் அவர் அறிந்த சில சொற்களுள் ‘அண்ணே’ ஒன்று. சிங்கப்பூர்ப் படை முகாமில் தொழில் பழகியவர். பல ஆண்டுகளாக என் தலை அவர் கையில்தான்.

முதலாளிக்குக் கை நடுங்கத் தொடங்கியது. ஊரிலிருந்து மைத்துனரை வரவழைக்க விரும்பினார். முன்பு கப்பல் ஏறினால் போதும். என் தந்தையார் அப்படித்தான் வந்தார். இப்போதோ, அந்தத் தொழிலுக்கு உள்ளூரில் ஆள் இல்லை என்று காட்டினால்தான் அனுமதி. வேட்டியையும் வெங்காயத்தையும் சுங்கம் கட்டித் துறைமுகத்தில் இறக்கிவிடலாம். முடிவெட்டும் வேலையை மூட்டையாகக் கட்டி அனுப்ப இயலாது. அந்த வேலையைச் செய்யும் ஆளே வர வேண்டும்.

“அண்ணே, நீங்கதான் சூராட் எழுதிக் குடுக்கணும்,” என்றார். கடிதத்தைத்தான் மலாயில் அப்படிச் சொன்னார்.

“ஆள் இல்லேன்னு எப்படி எழுதறது தம்பி? ஒருத்தரு உங்க பக்கத்துலயே நிக்கிறாரே.”

“அவருக்குத் தமிழ் வருதா? நம்ம ஆளுங்க முடிவெட்டவா வர்றாங்க, பேச வர்றாங்க லா. அவருகிட்ட உக்காந்தா பரீட்சை எழுதற மாதிரி கம்முன்னு இருந்துட்டுப் போறான். அடுத்த மாசம் வேற கடைக்குப் போயிடறான்.”

தமிழ் அறிந்த முடிதிருத்துபவர் கிடைக்கவில்லை என்று எழுதியிருந்தால் அது உண்மையாக இருந்திருக்கும். முதலில் அப்படித்தான் எழுதினேன். படித்துப் பார்த்தபோது அது மெலிந்து தெரிந்தது. அடித்துவிட்டு, இத்தொழில் அறிந்தவர் இந்நகரில் எவரும் இலர் என்ற பொருளில் நீண்டு நிமிர்ந்த ஓர் ஆங்கில வாக்கியத்தை அமைத்தேன். சாட்சியாகக் கையொப்பமும் இட்டேன். அப்போது மனம் உறுத்தவில்லை என்று சொன்னால் அதுவும் பொய்யாகும். உறுத்தியது. வாக்கியத்தை மறுபடி படித்தேன். அதன் ஓசையில் உறுத்தல் அடங்கிவிட்டது.

எங்கள் இருவரையும் விசாரணைக்கு அழைத்த நாளில், அரசாங்க அலுவலகத்துக்குச் செல்வதால் காலையிலேயே முடி வெட்டிக்கொண்டேன். வேறு யாரிடம்? செட்டிக்காரரிடம்தான். வழக்கத்தைவிட அதிக நேரம் எடுத்துக்கொண்டார். பிடரியைத் தூரிகையால் துடைத்து, “சூடா கெமாஸ், அண்ணே,” என்றார். சீராகிவிட்டது என்று பொருள்.

குடிநுழைவு அதிகாரி இளவயது மலாய்க்காரர். கடிதத்தை இருமுறை படித்தார். பிறகு என் தலையைப் பார்த்தார்.

“என்சிக், இந்த ஊரில் முடிவெட்ட ஆளே இல்லையா?” என்று மலாயில் ‘ஐயா’ போட்டு மரியாதையாகக் கேட்டார்.

“இல்லை, துவான்.”

“அப்படியானால் இன்று உங்களுக்கு வெட்டியது யார்?”

என் காதோரத்தில் பவுடர்கூட இன்னும் கலையவில்லை. “இவர்தான்,” என்று அருகில் இருந்த முதலாளியைக் காட்டினேன். அவருடைய வலக்கை மேசைமீது இலைபோல் நடுங்கிக்கொண்டிருந்தது. அதிகாரி அந்தக் கையைப் பார்த்தார். என் பிடரியை எட்டிப் பார்த்தார்.

“இந்தக் கையா?”

கடைக்கு ஆள் தேவை என்பதை அந்த நடுக்கமே அவருக்குச் சொல்லியிருக்க வேண்டும். அவர் இலேசாகச் சிரித்து மனுவில் கையொப்பமிட்டார். அதற்குப் பதிலாக அவர் என்னைக் கடிந்துகொண்டிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

அனுமதி வந்ததும் முதலாளி அதையும் என் கடிதத்தின் நகலையும் கண்ணாடிக்கு அருகில் ஒட்டிவைத்தார். “அண்ணன் எழுத்துக்கு அரசாங்கமே தலையாட்டிடுச்சு, பாத்தீங்களா?” என்று வருவோரிடமெல்லாம் காட்டினார். எடுத்துவிடுங்கள் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். புகழ்ச்சி இனித்தது. தமிழ் தெரியாத செட்டிக்காரர் மிஷன் பள்ளியில் ஏழாண்டு ஆங்கிலம் படித்தவர் என்பதை நான் எண்ணிப் பார்க்கவே இல்லை.

ஒரு சனிக்கிழமை காலை அவருடைய நாற்காலியில் சாய்ந்திருந்தேன். கழுத்தில் சோப்பு நுரை. கத்தி பாதியில் நின்றது. கண்ணாடியில் பார்த்தேன், அவர் கண்கள் அந்தத் தாளில் வரிவரியாக இறங்கிக்கொண்டிருந்தன.

“அண்ணே, இதை எழுதியது நீங்களா?” என்று மலாயில் கேட்டார்.

தலையசைக்கவும் முடியாதபடி கத்தி தொண்டையருகில் இருந்தது. அதைச் சாக்காகக் கொண்டு பேசாதிருந்தேன்.

“நல்ல ஆங்கிலம்,” என்றார்.

மிச்சத்தையும் ஒரு கீறல் இல்லாமல் மழித்தார். எப்போதும்போல் காதுகளுக்குப் பின்னால் துடைத்துவிட்டார். அன்று மாலையே கத்தரி, சீப்பு, கத்தி எல்லாவற்றையும் துண்டில் சுற்றிக்கொண்டு போய்விட்டார். கிளேபாங்கில் ஒரு சாப்பாட்டுக் கடையோரம் நாற்காலி போட்டு வெட்டுகிறார் என்று பின்னர் கேள்விப்பட்டேன். அது தொலைவான இடமன்று. ஆயினும் நான் போகவில்லை.

கப்பலில் வந்த மைத்துனர் நல்லவர். அவர்மீது எனக்கு ஒரு குறையும் இல்லை. இப்போது நாளிதழ்களில் இத்தகைய வேலைகளைச் சேவை வாணிகம் என்றும், அதற்கு நாடுகள் கதவைத் திறக்கின்றன என்றும் படிக்கிறேன். கதவை மூடுங்கள் என்று சொல்ல என் தந்தையாரின் மகனுக்கு வாய் ஏது? ஒருவருக்குக் கதவு திறக்க, வீட்டிலேயே இருந்த மற்றொருவரை இல்லை என்று சாட்சி சொன்னேன். அதுதான் என் வெட்கம்.

அந்தக் கடிதம் இன்றும் ஏதேனும் ஓர் அரசாங்கக் கோப்பில் இருக்கக்கூடும். அதைப் படிப்பவர், அக்காலத்தில் மலாக்காவில் முடிவெட்டத் தெரிந்தவர் எவருமில்லை என்றே நம்புவார். அதை மறுக்க இந்தத் தாளைத் தவிர வேறொன்றும் இல்லை. தயவுசெய்து இதைப் பத்திரமாக வைத்திருங்கள்.