எவர்சில்வர் அடுப்புக்குப் பொட்டு

கேஸ் அடுப்பு தானாக வெடிக்குமாம். பத்தாங் பெர்ஜுந்தாய் மார்க்கெட்டில் மீன்காரர் சொன்னதை டிரைவர் உமாபதியின் மனைவி கேட்டுவந்து சொல்ல, உமாபதி அதை எங்கள் தோட்டத்துக் கிளப்புக்குக் கொண்டுவந்தார். ஏதோ ஒரு தோட்டத்தில் மூடியைத் திறந்ததுமே சமையல்காரரின் இரண்டு புருவமும் போய்விட்டதாம். எந்தத் தோட்டம் என்பது மீன்காரருக்கே தெரியாது.

"புருவம் போனா மையால வரைஞ்சிக்கலாம். வேலை போனா எதால வரையறது?" என்றார் நாகமணி, துணியைப் பிழிந்தபடி.

நாகமணி புக்கிட் பெலிம்பிங்கில் பிறந்து, கல்யாணமாகி இந்தச் செம்பனைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்துக்கு வந்தவர். முதுகில் பம்பைச் சுமந்து களைக்கு மருந்து அடித்து அடித்து, விரல் நகங்கள் கறுத்துவிட்டன. எண்பத்தாறில் கிளப்பின் சீனச் சமையல்காரர் ஓய்வு பெற்றதும் நாகமணியைத் தற்காலிகமாகச் சமையலுக்குப் போட்டார்கள். அந்த மாதமே கப்பலில் வந்து இறங்கியது, கேஸில் கறி சுடும் பார்பிக்யூ அடுப்பு. உடம்பெல்லாம் எவர்சில்வர், முகம் பார்க்கலாம்.

மானேஜர் தெளிவாகச் சொல்லிவிட்டார். சனிக்கிழமை கோலாலம்பூர் தலைமை அலுவலகத்தார் வருகிறார்கள். அவர்கள் மனம் குளிரச் சாப்பிட்டால் சமையல் வேலை நாகமணிக்கு நிரந்தரம். இல்லையென்றால் பழைய மருந்துப் பம்புதான்.

மெட்ராஸிலிருந்து செம்பனை எண்ணெய் ஆலை வேலைக்கு வந்து கிளப்பில் தங்கியிருந்த நான், அடுப்போடு வந்த ஆங்கிலக் குறிப்பை நாகமணிக்குத் தமிழில் வாசித்துக் காட்டினேன். சாம்பல் கூடாது, கம்பி நார் கூடாது. சோப்புத் தண்ணீரில் மெல்லிய துணி. எவர்சில்வரில் ஓடும் கோட்டின் போக்கிலேயே துடைக்க வேண்டும்.

"பாய் துடைக்கிற மாதிரி, கோரை போற பக்கமாவா?"

"அதேதான்."

கேஸ் தோங் எனும் சிலிண்டரின் குழாயில் சோப்பு நுரை பூசிக் கசிவு பார்க்கவும் சொன்னேன்.

"சைக்கிள் டியூப்ல முட்டை வருதான்னு பார்க்கிறதுதானே சார்?" என்று சிரித்தார். எனக்கோ அந்தத் தோங்கைத் தொடவே பயம். தூண் மறைவிலிருந்துதான் வாசிப்பேன்.

சனிக்கிழமை பொழுது சாயும் நேரம். மசாலாவில் ஊறிய கோழி தயார். விருந்தினரை அழைத்துவரப் போயிருந்த மானேஜர் கோலாலம்பூரிலிருந்து கிளம்பும்முன் போன் செய்து, "அடுப்பு ரெடியா?" என்று கேட்பார். இல்லையென்றால் அவர்களைக் கோல சிலாங்கூர் மீன் சாப்பாட்டுக் கடைக்கு அழைத்துப்போய்விடுவார். நாகமணி மூடியைத் திறந்துவைத்து, கேஸைத் திருகிப் பற்றவைத்தார்.

டப்!

ஒரு மூலையில் மஞ்சளாக ஒரு நாக்கு எட்டிப்பார்த்தது. மற்ற இடமெல்லாம் இருட்டு. உமாபதி ஒரே தாவலில் படிக்கு வெளியே நின்றார்.

"நான் சொன்னேன்ல அக்கா! புருவம் இருக்கா பாரு!"

"என் புருவம் இருக்கட்டும். தோங்கை மூடு லா மொதல்ல!"

மூடினோம். சூடு ஆறியதும் நாகமணி கறி சுடும் கம்பித் தட்டியைத் தூக்கி, பர்னர் குழாய்களை வெளியே எடுத்தார். நெருப்பு வரவேண்டிய சின்னச் சின்னத் துளைகளில் ஏதோ மஞ்சளாக இறுகியிருந்தது. நகத்தால் சுரண்டி முகர்ந்தவர் தலையில் கைவைத்தார்.

சந்தனம்!

போன வாரம் ஆயுத பூஜை. லோரி, அரிவாள், மருந்துப் பம்பு எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தபோது புது அடுப்பை மட்டும் விடுவதா என்று, குழாய்களைக் கழுவி வரிசையாக அடுக்கி, துளை துளையாகச் சந்தனமும் குங்குமமும் அப்பியிருக்கிறார். மறுநாள் வெளியே பளபளவென்று துடைத்தவர், துளைகளை மறந்துவிட்டார். அதன் பிறகு இன்றுதான் முதல் நெருப்பு.

"கறி சுடுற அடுப்புக்கு யாராச்சும் பூஜை போடுவாங்களா?" உமாபதிக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

"உன் லோரிக்கு மாலை போட்டியே, அது என்ன சைவமா?"

உள்ளே போன் அடித்தது. நான் எடுக்கப் போனேன்.

"எடுக்காதீங்க சார்! இப்ப எடுத்தா என்ன சொல்வீங்க? நெருப்பு வரட்டும்."

மணி அடித்து ஓய்ந்தது. நாகமணி விளக்குமாற்றிலிருந்து செம்பனை ஈர்க்குகளை உருவிக்கொடுத்தார். ஆளுக்கொரு குழாயை மடியில் போட்டு, துளை துளையாகக் குத்தினோம். வெந்நீர் ஊற்ற, மஞ்சளும் சிவப்புமாய் வழிந்தது. உமாபதி சைக்கிள் பம்பைக் கொண்டுவந்து காற்றடித்தார்; கடைசித் துளையிலிருந்து தெறித்த சந்தனம் சரியாக அவர் நெற்றியில் அப்பியது.

"இப்பதான் பூஜை முழுசாச்சு!" என்று நாகமணி கைதட்டினார்.

குழாய்களைத் துடைத்து மாட்டினோம். நுரை பூசிப் பார்த்தார். ஒரு முட்டைகூட இல்லை. மூடி திறந்தபடி கேஸைத் திருகினார். நான் தூணை விட்டு எப்போது முன்னால் வந்தேனோ தெரியாது.

குப்பென்று பற்றியது. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நீலப்பூ கட்டினாற்போல வரிசையாய் நெருப்பு. எவர்சில்வர் மூடியில் இன்னொரு வரிசை.

"ஆத்தா வந்துட்டாடா!" என்று கத்தினார் நாகமணி.

உள்ளே மறுபடியும் போன்.

"அக்கா, ஓடு! மீன் கடைக்குத் திரும்பிடப் போறாரு!"

நாகமணி கறுத்த நகங்களோடு இருந்த கைகளை முந்தானையில் துடைத்துக்கொண்டே ஓடினார். வாசற்படியில் நின்று நெருப்பு இருக்கிறதா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது.