ரொட்டிக்கடை அக்கா ஓடவில்லை

கடைத்தெருவில் படப்பிடிப்பு. ரொட்டிக்கடை அக்கா ஷட்டரை இறக்கிவிட்டுக் கூட்டத்தில் நடிக்கப் போனார். மகள்தான் இழுத்துப் போனாள். படத்தின் கதாநாயகனே அவள் அப்பாதான். போர்க்காலத்தில் இதே தெருவில் ராணுவம் சுட்டுக் கொன்ற ரொட்டிக்கடைக்காரர். அப்போது மகள் பிறக்கவே இல்லை. அப்பா எப்படிச் செத்தார் என்று கேட்டால், "சண்டையில" என்பதோடு அக்கா நிறுத்திக்கொள்வார்.

படத்தில் அப்பா அடுப்புக் கம்பியோடு பாய்கிறார். ஒரு சிப்பாயின் கழுத்தில் செருகி, இன்னொருவன் மண்டையைப் பிளந்து, நெஞ்சில் குண்டு வாங்கி விழுகிறார். ஊரே சிதறி ஓடுகிறது. சாயரத்தம் டிரம் டிரம்மாக வந்து இறங்கியிருந்தது. வருஷம் பூரா வெட்டினாலும் தன் கடையில் இவ்வளவு வராது என்று கறிக்கடைக்காரர் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள்.

படத்து ராணுவ லாரி வந்து பிரேக் போட்டது. துப்பாக்கி வெடிக்கவே இல்லை. அதற்குள் அக்கா குப்புற விழுந்து பிடரியில் கை கோத்துக்கொண்டார். கறிக்கடைக்காரரும் அப்படியே. தெருவின் பழைய ஆட்கள் அத்தனை பேரும் தரையில் கிடந்தார்கள். இளசுகள் மட்டும் திருதிருவென்று விழித்தபடி நின்றன. ஓடச் சொன்னால் படுக்கிறீர்களே என்று டைரக்டர் மைக்கில் கத்தினார். மறுபடி எடுத்தார்கள். மறுபடியும் படுத்தார்கள்.

"என்னம்மா இது, எல்லாரும் சொல்லி வச்ச மாதிரி?" என்று மகள் குனிந்து கேட்டாள்.

தரையிலிருந்து முகத்தை எடுக்காமலே அக்கா சொன்னார். அன்றும் லாரி நின்றதும் எல்லோரையும் இப்படித்தான் படுக்கப் போட்டார்கள். எழுந்து ஓடிய அக்காவின் தம்பியை முதுகில் சுட்டு, துடித்தவன் தாடையைத் துப்பாக்கிக் கட்டையால் உடைத்தார்கள். பிறகு முன்வரிசையில் ஒவ்வொரு பிடரியாகச் சுட்டுக்கொண்டே வந்தார்கள். பக்கத்தில் கிடந்தவரின் மூளை அக்காவின் கன்னத்தில் சூடாகத் தெறித்தது.

"உங்கப்பா கையில கம்பி இல்லடி. மாவுதான் இருந்துச்சு. நகர்ந்து வந்து என் மேல கவுந்துகிட்டாரு. அவரைச் சுட்டானுங்க. அவர் ரத்தம் என் தலை பூரா. நானும் செத்துட்டேன்னு தாண்டிப் போயிட்டானுங்க."

"அப்ப யாரையும் அடிக்கவே இல்லையா?"

"இல்ல."

மகள் முகம் தொங்கிப்போய் இளசுகளோடு சேர்ந்துகொண்டாள். பழைய ஆட்களைக் கயிறு கட்டி ஓரமாக நிறுத்திவிட்டார்கள்.

இந்த முறை துப்பாக்கி வெடித்தது. மகள் ஓடினாள், சொல்லிக்கொடுத்தபடி விழுந்தாள். சட்டையெல்லாம் சிவப்பு. அக்கா கயிற்றைத் தாண்டிப் போனது அவருக்கே தெரியாது. மகள் மேல் அப்படியே கவிழ்ந்தார். கட், கட் என்று யாரோ அலறினார்கள்.

"எழுந்திரும்மா, படம்தாம்மா" என்று மகள் அடியிலிருந்து தள்ளினாள். அக்கா அசையவில்லை. அந்தக் கனத்தின் கீழ் மகளுக்கு மூச்சு முட்டியது. தள்ளிய கை மெல்லத் தளர்ந்து அம்மாவின் முதுகைச் சுற்றிக்கொண்டது.

"அப்பாவும் இவ்வளவு கனமா இருந்தாராம்மா?" என்று கேட்டாள்.